படியும் தராசும்

(கூட்டுறவுப் பண்டகசாலை அங்கத்தினர் கூட்டத்திற்கான உபந்நியாசம்)



குடும்பத்துக்கு வேண்டிய உணவுப் பண்டங்களை ஜனங்கள் வாங்குவது ஓர் அளவால். அவற்றை எடுத்துச் சமைப்பது மற்றோர் அளவால். கடையில் அரிசியும் பருப்பும் சர்க்கரையும் கிலோகிராமில் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. வீட்டிலோ அவை படியாலும் ஆழாக்காலும் டம்ளராலும் கரண்டியாலும் அளந்து உலையில் இடப்படுகின்றன. நிறுத்தலும் முகத்தலும் ஆகிய இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரியாத வீட்டில் அரிசி மாதக் கடைசிக்கு முன்னரே தீர்ந்துபோகிறது. அது தெரியாத சங்கத்தில் எண்ணெய் டின் வாங்குவதில் நஷ்டம் ஏற்படுகிறது. அது தெரியாத பொதுச் சமையலில் கடைசிப் பந்திக்குச் சோறு போதாமற் போகிறது. ஆகையால் அக்கணக்கைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இவ்வுபந்நியாசத்தின் நோக்கமாகும்.

கூட்டுறவு இயக்கத்துக்கும் தராசுக்கும் ஆதிமுதல் சம்பந்தம் உண்டு. 1844ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 21ஆம் தேதி, இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் ஏழைத் தொழிலாளிகள் ஒன்றுகூடி ஒரு சிறு பண்டகசாலையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலிய சில சமையற் பண்டங்களே அவர்களுடைய ஆரம்பச் சரக்கு. சரக்கு கலப்பற்றதாக இருக்க வேண்டும், எடையும் அளவும் நிறைவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட நியமங்களுள் ஒன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட நகரக் கூட்டுறவுச் சங்கம் முதற்கொண்டு, தமிழ்நாட்டுப் பண்டகசாலைகளும் அந்த நியமத்தையே பின்பற்ற வேண்டியவை. ஆனால் கடையில் எடை சரியாக இருப்பது பாதிக் காரியந்தான். அந்த எடை தம் வீட்டுப் பாத்திரத்தில் எவ்வளவாகும் என்று அங்கத்தினர் அறிந்துகொள்வதே மற்றப் பாதி.

பழைய வாய்ப்பாடு

முற்காலத்தில் தமிழ்நாட்டார் தானியத்தை நிறுப்பதைக் காட்டிலும் அளப்பதே பெருவழக்காக இருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி. எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு. புளி, வெல்லம், மிளகாய், மஞ்சள் முதலிய சரக்குகளுக்கு நிறுத்தல் அளவு வழங்கிற்று. சென்னை மாகாணக் கணக்கின்படி மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. ஒரு தோலா என்பது சுமார் 11.66 கிராம். எனவே பலம் சுமார் 35 கிராமும், வீசை சுமார் 1 கிலோ 400 கிராமும், மணங்கு சுமார் 11 கிலோ 200 கிராமும் ஆகும்.

வாய்ப்பாடு ஒன்றாக இருந்தபோதிலும் பாத்திரம் ஒன்றாக இருக்கவில்லை. பட்டணம் படி, சின்னப் படி, பெரிய படி என்று ஊருக்கு ஊர் வேற்றுமை இருந்தது. வாய்ப்பாட்டின்படி ஒரு கலத்துக்கு 96 நாழி. தஞ்சாவூர் வட்டாரத்திலோ பட்டணம் படியால் 24 படி கொண்டதே ஒரு கலமாக வழங்கிற்று. சொல் ஒன்று, பொருள் வேறு! இத்தகைய குழப்பத்தை நீக்கும்பொருட்டே 1956ஆம் வருஷம் எடையளவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தன. 1962ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தேசமெங்கும் கிலோகிராம் எடையே கட்டாயமாயிற்று. கடைத்தெருவை விட்டுப் பழைய படி நீங்கிவிட்டது. ஆயினும் அடுக்களையை விட்டு அது நீங்கவில்லை. படி என்றும் ஆழாக்கு என்றும் சொல்லிக்கொண்டு கைக்குக் கிடைத்த பாத்திரத்தால் அளக்கும் வீடுகள் இன்றும் பல.

எடையும் அளவும் ஏன் வேறுபடுகின்றன?

ஒரு லிட்டர் என்பது இடத்தின் அளவு. ஒரு கிலோ என்பது பாரத்தின் அளவு. 1795ஆம் வருஷம் பிரெஞ்சு தேசத்தார் மெட்ரிக் முறையை வகுத்தபோது நீரையே இவ்விரண்டுக்கும் பாலமாக வைத்தனர். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கும். இதைக் கேட்ட பலர், எல்லாப் பண்டமும் லிட்டருக்கு ஒரு கிலோவே நிற்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். இதுவே முதற் பிசகு.

பண்டத்துக்குப் பண்டம் இயற்கையான கனம் வேறுபடுகிறது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதும் தேன் அடியில் தங்குவதும் இதனாலேயே. அன்றியும், அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றின் இடையிடையே காற்று இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் அரிசியைத் தலை தட்ட நிரப்பி, உடனே அதில் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பார்த்தால், நிறைந்துவிட்டதாகத் தோன்றிய பாத்திரம் மேலும் எவ்வளவு தண்ணீரை ஏற்கிறது என்பது வியப்பாக இருக்கும். பாத்திரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாத இடம் காற்றுக்கே உரியது. குலுக்கினால் அந்த இடம் குறைகிறது. தூவினாற்போல் இட்டால் மிகுகிறது. ஆகவே ஒரே பாத்திரம், ஒரே பண்டம், ஒரே கை என்றிருந்தாலும் அளக்கும் விதம் மாறினால் எடையும் மாறும்.

ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலை தட்டி அளந்தால் சமையற் பண்டங்கள் சுமாராக எவ்வளவு நிற்கும் என்பதைக் கீழே காணலாம்.

அரிசி: 800 கிராம்.
துவரம் பருப்பு: 800 கிராமுக்குச் சற்று மேல்.
உளுந்து: 850 கிராம்.
சர்க்கரை: 850 கிராம்.
பொடியுப்பு: 1200 கிராம்.
அரிசி மாவு: 650 கிராம்.
கோதுமை மாவு: சலித்துத் தூவினால் 530 கிராம், அமுக்கினால் 650 கிராம்.
கொத்தமல்லி விதை: 400 கிராமுக்கும் குறைவு.
பொரி: 100 கிராமுக்கும் குறைவு.
நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய்: 910 முதல் 920 கிராம் வரை.
பால்: 1030 கிராம்.
தேன்: 1400 கிராம்.

புளி, வெல்லம், வற்றல் மிளகாய் ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்க்க இயலாது. அவை கட்டியாகவும் கோணலாகவும் இருப்பதால் பாத்திரத்தில் ஒரு நிலையாக அடங்குவதில்லை. அவற்றை நிறுத்தே எடுக்க வேண்டும். முன்னோர்கள் அரிசிக்குப் படியும் புளிக்குப் பலமும் வைத்தது காரணத்தோடுதான் என்பது இதனால் விளங்கும்.

வீட்டுக்கு வீடு செய்துகொள்ள வேண்டிய பரீட்சை

மேற்கண்ட எண்கள் வழிகாட்டுவன மாத்திரமே. அரிசியின் ரகம், ஈரம், அரைத்த நயம் முதலியவற்றுக்கு ஏற்ப அவை சிறிது கூடும், குறையும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டில் நித்தியம் புழங்கும் பாத்திரத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து, முத்திரையிட்ட தராசில் ஒரு முறை பரீட்சித்துக்கொள்வது உத்தமம். அதற்கு நாழிகை நேரமும் வேண்டுவதில்லை.

முதலாவது, பாத்திரத்தை உலர்த்தி வெறுமையாக நிறுத்து அந்த எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அதில் விளிம்பு மட்டும் தண்ணீர் ஊற்றி நிறுத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது எத்தனை கிராமோ, அத்தனை மில்லிலிட்டர் அப்பாத்திரத்தின் கொள்ளளவு. மூன்றாவது, ஈரத்தைத் துடைத்துவிட்டு, அரிசியைக் குலுக்காமல் இட்டு, நேரான குச்சியால் தலை தட்டி நிறுத்து, மறுபடியும் பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். இவ்வாறு மூன்று தடவை செய்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் கிடைப்பதே அப்பாத்திரத்தின் அரிசிக் கணக்கு. இவ்விதமே பருப்புக்கும் மாவுக்கும் சர்க்கரைக்கும் செய்துகொள்ளலாம்.

உதாரணமாக, ஒரு டம்ளர் 200 கிராம் தண்ணீர் பிடிக்கிறது. அதே டம்ளர் 160 கிராம் அரிசி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 160ஐ 200ஆல் வகுக்க 0.8 வரும். இந்த 0.8 என்பதே அரிசிக்குரிய பெருக்கெண். மில்லிலிட்டரைக் கிராமாக்க வேண்டுமானால் இதனால் பெருக்க வேண்டும். கிராமை மில்லிலிட்டராக்க வேண்டுமானால் இதனால் வகுக்க வேண்டும். கணக்கு முழுவதும் இவ்வளவே.

மாதக் கடைசி மூன்று நாள்

இக்கணக்கின் பயனை அரிசியிலேயே காணலாம். தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்திவருகின்றன. மாதம் 20 கிலோ அரிசி பெறும் ஒரு குடும்பம் மேற்கூறிய டம்ளரால் நாளொன்றுக்கு நான்கு டம்ளர் சமைப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 640 கிராம் செலவாகும். 20 கிலோவை 640 கிராமால் வகுக்க 31 நாளுக்குச் சற்று மேல் வரும். மாதம் நிறைவாகக் கழியும்.

அதே குடும்பத்தில் டம்ளரைத் தலை தட்டாமல் குவித்து அளப்பதாகக் கொண்டால், டம்ளர் ஒன்றுக்குச் சுமார் 180 கிராம் ஏறும். நாளொன்றுக்கு 720 கிராம். 28ஆம் நாளே மூட்டை காலியாகிவிடும். கடைசி மூன்று நாளைக்குரிய அரிசி எங்கே போயிற்று என்று கடைக்காரர் மீது சந்தேகம் எழும். எடையில் குறை இல்லை; குவியலில்தான் அது சென்றது. குடும்பத்தார் வயிறார உண்டிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் அளவுக்கு மிஞ்சி வடித்து மிச்சத்தைக் கொட்டியிருந்தால் அது நஷ்டமே. வாய் அகன்ற பாத்திரத்தில் குவியல் மிகுதியாக நிற்கும். வாய் குறுகிய பாத்திரத்தில் குறைவாக நிற்கும். ஆகையால் அண்டை வீட்டாருக்குக் கைமாற்றுக் கொடுக்கும்போதும் திருப்பி வாங்கும்போதும் ஒரே பாத்திரத்தால் தலை தட்டி அளப்பதே மனஸ்தாபத்துக்கு இடமில்லாத வழி. மாவுக்கு இது இன்னும் அவசியம். தூவிக் கொடுத்த ஒரு டம்ளர் மாவை அமுக்கித் திருப்பி வாங்கினால் ஏறக்குறையக் கால் பங்கு மிகையாகக் கைக்கு வந்துவிடும்.

எண்ணெய் டின்

பண்டகசாலையின் பஞ்சாயத்தார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எண்ணெய். கடைத்தெருவில் 15 கிலோ டின்னும் உண்டு. 15 லிட்டர் டின்னும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். லிட்டருக்கு 910 கிராம் என்று கொண்டால், 15 லிட்டர் டின்னில் இருப்பது 13 கிலோ 650 கிராம் எண்ணெயே. 15 கிலோ டின்னிலோ சுமார் 16½ லிட்டர் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை லிட்டர். விலைப்புள்ளிகளைப் பரிசீலிக்கும்போது கிலோவா, லிட்டரா என்பதைப் பார்க்காமல் தொகையை மாத்திரம் பார்த்து முடிவு செய்வது சங்கத்தின் பணத்தை வீணாக்குவதாகும்.

ஒரு வியாபாரி லிட்டர் 182 ரூபாய் என்றும், மற்றொருவர் கிலோ 195 ரூபாய் என்றும் விலை கூறுவதாக வைத்துக்கொள்ளலாம். முன்னது மலிவாகத் தோன்றும். 182ஐ 0.91ஆல் வகுத்தால் கிலோவுக்கு 200 ரூபாய் ஆகிறது. எனவே 195 ரூபாயே மலிவு.

உஷ்ணத்தால் எண்ணெய் விரிவடைகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி உஷ்ணத்தில் சுமார் 919 கிராம் நிற்கும். 60 டிகிரியில் சுமார் 893 கிராமே நிற்கும். பொட்டலங்களில் அதிக உஷ்ணத்தைக் குறிப்பிட்டு லிட்டர் அளவை அச்சிடும் வழக்கம் காணப்பட்டதால், உஷ்ணத்தைக் குறிக்காமல் அளவைக் காட்டி, எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2022ஆம் வருஷம் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தினர். லிட்டர் மாறினாலும் கிராம் மாறாது. ஆகவே பொட்டலத்தில் கிராம் எண்ணையே பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

உப்பு

உப்பின் விஷயத்தில் தவறு ருசியோடு நிற்பதில்லை. கல்லுப்பின் துண்டுகளுக்கிடையே இடைவெளி மிகுதி. பொடியுப்பு நெருங்கி அடங்கும். எனவே கல்லுப்புக்குச் சொல்லப்பட்ட ஊறுகாய்ப் பக்குவத்தில் அதே அளவு பொடியுப்பைப் போட்டால் உப்பு கரித்துவிடும்; பொடியுப்புக்குச் சொல்லப்பட்ட இடத்தில் கல்லுப்பைப் போட்டால் உப்புக் குறைந்து ஊறுகாய் கெட்டுப்போகும். ஊறுகாய்க்கு உப்பை நிறுத்தே போட வேண்டும்.

அன்றியும், பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் யோசனை. அது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 600 கிராம் மேல்வரம்பு ஆகிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் சமையலில் மாத்திரம் மாதம் ஒரு கிலோ உப்பு செலவாகுமாயின், இரத்த அழுத்த வியாதிக்கு இடங்கொடுக்கிறதா என்று யோசிப்பது நலம்.

பொதுச் சமையல்

கோவில் அன்னதானம், கலியாணம் முதலிய பெரிய சமையல்களில் சமையற்காரர் படிக்கணக்கில் சொல்லுவார். பண்டகசாலையார் கிலோக்கணக்கில் கொடுப்பார்கள். நூறு பேருக்குப் பத்துப் படி அரிசி என்று சமையற்காரர் கூறினால், அவர் படி எவ்வளவு என்று கேட்பது முதற் கடமை. அப்படி ஒரு லிட்டர் பிடிப்பதானால் பத்துப் படி அரிசி 8 கிலோ, 1.6 லிட்டர் பிடிப்பதானால் 12 கிலோ 800 கிராம். இரண்டுக்கும் இடையே 4 கிலோ 800 கிராம் வித்தியாசம். ஒருவருக்கு 128 கிராம் அரிசி என்று எண்ணிய சமையற்காரருக்கு 80 கிராம் வீதமே கிடைத்தால், முதற் பந்தியில் உட்கார்ந்தவர்கள் உண்பார்கள். கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள், அதாவது பெரும்பாலும் பரிமாறிய பெண்களும் வேலை செய்த ஏழைகளும், அரை வயிற்றோடு எழுந்திருப்பார்கள்.

இங்கே ஒரு சௌகரியத்தையும் சொல்ல வேண்டும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடும் வீடுகளில் படியால் அளந்தாலும் கிலோவால் நிறுத்தாலும் பெரிய வித்தியாசம் ஏற்படாது. அவ்விரண்டின் கனமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மாவுக்குச் சர்க்கரை சமம் என்று ஒரு பலகாரத்துக்குச் சொல்லப்பட்டிருந்தால் அது அளவில் சமமா, எடையில் சமமா என்று தெரிந்தே செய்ய வேண்டும். ஒரு டம்ளர் அரிசி மாவு 130 கிராம். ஒரு டம்ளர் சர்க்கரை 170 கிராம். ஒன்றுக்கு ஒன்று என்பது இங்கே பொருந்தாது.

பழைய சமையற் புஸ்தகங்களையும் பாட்டிமார் எழுதிவைத்த குறிப்புகளையும் உபயோகிப்போர், பலம் என்று கண்டால் 35 கிராம் என்றும், வீசை என்று கண்டால் 1400 கிராம் என்றும் தயக்கமின்றி மாற்றிக்கொள்ளலாம். படி என்று கண்டால் மாத்திரம் அது எந்த ஊர்ப் படி என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்க வழியில்லையேல், எல்லாப் பண்டங்களையும் ஒரே பாத்திரத்தால் அளந்துகொள்ளலாம். பண்டங்களின் விகிதமாவது கெடாமல் இருக்கும்.

கைக்கணக்கும் எழுத்துக் கணக்கும்

அனுபவமுள்ள கிருகிணிகளுக்கு இவையெல்லாம் எதற்கு, அவர்கள் கையே தராசு என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மையே. பல வருஷம் ஒரே பாத்திரத்தில் அளந்து, ஒரே பானையில் வடித்த கை தவறுவதில்லை. ஆனால் அந்தக் கை நோயுற்றபோது அவ்வீட்டு மருமகளோ பிள்ளைகளோ என்ன செய்வார்கள்? பாத்திரம் உடைந்து புதியது வாங்கினால் என்ன ஆகும்? எழுதிவைத்த எண் பிள்ளைகளுக்கும் உதவும். புதுப் பாத்திரத்துக்கும் பொருந்தும். தராசு அந்தக் கைக்குப் போட்டியன்று. அக்கையின் அறிவை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் சாதனமே ஆகும்.

ஆகையால் சங்கங்கள் செய்யத்தக்க காரியங்கள் மூன்று. பண்டகசாலைச் சுவரில் மேலே காட்டிய எண்களை, தம் சரக்கையே நிறுத்துத் திருத்தி, பெரிய எழுத்தில் எழுதிவைத்தல். மாதத்தில் ஒரு நாள் அங்கத்தினர்களின் பாத்திரங்களைச் சங்கத் தராசில் பரீட்சித்து, கொள்ளளவையும் அரிசிக் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தல். பொதுச் சமையலுக்குக் கொடுக்கும் சரக்கைக் கிலோவிலும், சமையற்காரரின் படியைப் பரீட்சித்து அப்படிக்கணக்கிலும், இரு விதமாகவும் பட்டியல் எழுதுதல். இவற்றுக்குப் பணச் செலவு ஒன்றுமில்லை. ஒரு தராசு, ஒரு பாத்திரம், ஒரு குவளைத் தண்ணீர், சிறிது பொறுமை ஆகியவையே வேண்டுவன.

நிறைகோல் கடையில் நேராக நிற்பது காரியதரிசியின் பொறுப்பு. அந்த நேர்மையின் பயன் உலைப்பானை வரையில் சென்று சேர்வது அங்கத்தினரின் பொறுப்பு. இரண்டும் கூடும் கிராமத்தில் மாதத்தின் முப்பதாம் நாளிலும் அடுப்பு எரியும் என்பதில் ஐயமில்லை.